காலடித் தடமே காவல்

— மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவி

"ஏ ஆத்தா, கல்லைப் பாக்கவா காலங்காத்தால கெளம்புற? நான் ஆயுசு பூரா பாத்த கல்லு பத்தாதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, தோளில் பையும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாக நான் வாசற்படி இறங்கியபோது என் தந்தையார் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. மேலூர் வட்டாரத்துக் கல்குவாரி ஒன்றில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். பாறையில் குழி போடுவதும், ஆப்பு இறக்குவதும், பிளந்த கல்லைச் சங்கிலி பூட்டித் தூக்குவதும் அவருடைய அன்றாட வேலைகள். 2012ஆம் ஆண்டு கிரானைட் குவாரிகள் மூடப்பட்டபோது நான் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அவர் ஓர் அரிசி ஆலையில் காவலாளியானார். கல்லை விட்டு வந்து இத்தனை ஆண்டுகள் ஆனபின், பெற்ற மகள் விடுமுறை நாளில் கல்லைப் பார்க்கப் போகிறாள் என்றால் அவருக்கு வியப்பாக இராதா?

அன்று நான் அவருக்குச் சரியான விடை சொல்லவில்லை. "நடந்துட்டு வந்துர்றேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடினேன். அந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் இப்போது நம் கல்லூரி மலரில் எழுதுகின்றேன்.

மரபு நடை என்பது யாது?

சுற்றுலா என்றால் நமக்குத் தெரியும். பேருந்தில் ஏறுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், இறங்குகிறோம், படம் பிடித்துக்கொள்கிறோம், திரும்புகிறோம். மரபு நடை என்பது அதுவன்று. ஓர் ஊரில் உள்ளவர்களே ஒன்றுகூடி, தம் ஊரில் பார்க்கத் தக்கவை எவை, அவை எந்த வரிசையில் அமைந்துள்ளன, எந்த வழியே நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம் என்று வழி வகுத்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொண்டே நடந்து செல்வதுதான் மரபு நடை. இதற்குக் கட்டடம் வேண்டா, பெருநிதி வேண்டா. கால்கள் வேண்டும், கேட்கும் செவி வேண்டும், சொல்லும் பொருளில் உண்மை வேண்டும்.

ஏன் நடக்க வேண்டும்? வண்டியில் போனால் ஆகாதா என்று கேட்கலாம். வண்டியில் போகிறவன் ஊரைக் கடந்து போகிறான். நடந்து போகிறவனோ ஊருக்குள் போகிறான். கண்மாய்க் கரையில் கிடக்கும் சுமைதாங்கிக் கல்லும், ஆலமரத்தடியில் பாதி புதைந்த நடுகல்லும், மடையின் தூணில் வெட்டிய இரண்டு வரி எழுத்தும் நடக்கிறவன் கண்ணுக்கே படும்.

பிற ஊர்களில்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் 1951ஆம் ஆண்டு வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற செய்தித்தாள் எழுத்தாளர் ஒரு யோசனை சொன்னார். அந்நாட்டு விடுதலைப் போரோடு தொடர்புடைய இடங்கள் நகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. வெளியூரார் வந்து வழி தெரியாமல் சுற்றுகிறார்கள். இவற்றை ஒரே நடைவழியாக இணைத்தால் என்ன என்று எழுதினார். அப்படிப் பிறந்ததே 'விடுதலைத் தடம்'. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளம், 16 இடங்கள். நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், ஒரு நாட்டின் பிறப்பு கண்முன் விரியும். இத்தடத்தில் உள்ள பழைய கூட்ட மண்டபம் ஒன்று 1876இல் இடிப்பதற்காக விற்கப்பட்டது. பொதுமக்களே பணம் திரட்டி அதை மீட்டார்கள் என்பது அத்தடத்தின் கதைக்குள் அடங்கிய இன்னொரு கதை.

நம் நாட்டில் அகமதாபாத் நகரம் முன்னோடி. 1997 நவம்பரில் அந்நகர மாநகராட்சியும் ஒரு தொண்டு அமைப்பும் சேர்ந்து மரபு நடையைத் தொடங்கின. காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் காலையில் புறப்பட்டு, 'போள்' எனப்படும் குறுகிய குடியிருப்புத் தெருக்களின் வழியே சென்று ஜும்மா பள்ளிவாசலில் முடிகிற நடை அது. கோயிலில் தொடங்கிப் பள்ளிவாசலில் முடியும் அந்த வழியே ஒரு பாடம் அல்லவா? 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் அகமதாபாத்தை உலக மரபு நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தச் சிறப்பை முதலில் பெற்ற நகரம் அதுவே.

நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 2006இல் மறைந்தார். மறு ஆண்டே, கனடா நாட்டு டொராண்டோ நகரில் அவருடைய நண்பர்கள் அவர் நினைவாக நடைகளைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தெருவாரும் தம் தெருவைத் தாமே சுற்றிக் காட்டுவது அதன் முறை. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது.

ஆனால் இவையெல்லாம் நாம் படித்துத் தெரிந்துகொண்டவை. நான் நடந்து தெரிந்துகொண்டது நம் மதுரையில்.

பசுமை நடை பிறந்த கதை

மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையை ஒட்டி, துதிக்கை நீட்டிப் படுத்த யானை போலக் கிடக்கிறது யானைமலை. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலில் உள்ள கல்வெட்டு கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டிய மன்னனின் அமைச்சன் மாறன்காரி தொடங்கி வைத்த திருப்பணியை அவன் தம்பி மாறன் எயினன் முடித்துவைத்த செய்தியை அது சொல்கிறது. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும், அவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன.

இந்த யானைமலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்றொரு யோசனை எழுந்தபோது அடிவாரத்து ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சூழலில், 2010இல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுப்பில் உருவானதே பசுமை நடை. மலையைக் காக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், மலையில் என்ன இருக்கிறது என்று மக்கள் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியலில் ஓரிடத்தில் கூடுவார்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், பாட்டி, பேத்தி, கைக்குழந்தையோடு வந்த தாய் என்று எல்லாரும் இருப்பார்கள். மலையேறி, பாறையில் அமர்வார்கள். தொல்லியல் அறிந்த பெரியவர்கள் எழுந்து நின்று எளிய தமிழில் விளக்குவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் அவ்வாறு விளக்கிய செய்திகள் பின்னர் 'மதுர வரலாறு' என்ற நூலாகவே வந்தன. 2013இல் 25ஆவது நடையைக் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் 'விருட்சத் திருவிழா' என்ற பெயரில் கொண்டாடினார்கள். காலைச் சிற்றுண்டியை எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்டு கலைவதும் இந்நடைகளின் வழக்கம். ஒரே பந்தியில் உண்பவர்கள் ஒருவரையொருவர் மறப்பதில்லை. உண்ட இடத்தையும் மறப்பதில்லை.

கீழக்குயில்குடியில் கண்டது

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனது கீழக்குயில்குடிக்கு. நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டிப் போனால் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். அதுவரை பாடப்புத்தகத்தில் 'சமணர் படுக்கைகள்' என்ற சொல்லை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியவள் நான். அன்றுதான் பார்த்தேன்.

செட்டிப்புடவு என்னும் குகை. வெளியே பெரிய உருவமாகத் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைப் பார்த்து ஊரார் 'செட்டியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே, சிங்கத்தின்மேல் அமர்ந்து, யானைமேல் வரும் வீரனோடு போரிடும் ஒரு பெண் தெய்வம். சாந்தமே உருவான துறவிகளுக்குப் பக்கத்தில் இப்படியொரு போர்க்கோலமா என்று நாங்கள் திகைத்து நின்றோம்.

மலையின் மறுபுறம் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் எட்டுத் திருமேனிகள் ஒரே வரிசையில் நிற்கின்றன, அமர்ந்திருக்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டின் பல மலைகளில் அச்சணந்தியின் பெயர் காணப்படுகிறது. மகன் துறவியாகி மலை மலையாகப் போனான்; தாய் அவன் பெயரோடு தன் பெயரையும் ஒரு பாறையில் விட்டுப் போனாள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தாயின் பெயரை என் விரல் நுனிக்கு ஒரு சாண் தூரத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொட ஆசைதான். தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், தொடவில்லை.

ஆனால் எங்களுக்கு முன்னே வந்த சிலர் தொட்டிருந்தார்கள். காதலர் பெயர்களும், வெள்ளைச் சுண்ணாம்பில் கட்சிச் சின்னமும் மலையெங்கும் இருந்தன. குணமதியார் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் தம் பெயரை எழுதினால் தாமும் நிற்போம் என்று நினைத்தார்கள் போலும்!

தந்தையார் வந்தார்

வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டின்போது இவற்றையெல்லாம் சொன்னேன். தந்தையார் பேசாமல் கேட்டார். கடைசியில், "எந்த உளியில வெட்டியிருக்கான்?" என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அதையெல்லாம் யாரும் சொல்லலப்பா" என்றேன். "அப்ப என்னத்தப் பாத்துட்டு வந்த?" என்றார்.

அடுத்து அரிட்டாபட்டிக்கு ஒரு நடை என்று தெரிந்ததும், "நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க" என்று அவரையும் அழைத்துப் போனேன்.

அரிட்டாபட்டி மேலூர் வட்டத்தில் உள்ள ஊர். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சுற்றிலும் ஏழு குன்றுகள். ஒரு குன்றில் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை. வாயிலின் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கூடிய இலகுலீசர். கழிஞ்சமலையில் துறவிகள் தங்கிய குகைத்தளமும், ஏறத்தாழ 2200 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் அக்குகையை அமைத்துக் கொடுத்ததாக அவற்றில் ஒன்றைப் படித்திருக்கிறார்கள்.

குகையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டப்பட்டிருந்தது. எல்லாரும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தந்தையார் அந்தக் காடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் அது எதற்கு என்று கேட்டான். அங்கே நின்ற அறிஞர் விளக்குமுன் என் தந்தையார் வாய் திறந்துவிட்டார்.

"மழத்தண்ணி பாறமேல வழிஞ்சு வருதுல்ல தம்பி, அது அப்படியே பாறை வயித்த ஒட்டிக்கிட்டு உள்ளாற எறங்கிரும். இப்படி ஒரு காடி போட்டுவிட்டா, வெளிம்புல வந்து சொட்டுச் சொட்டா வெளியவே விழுந்துரும். உள்ள படுத்திருக்கவுக நனைய மாட்டாக. வெட்டுனவன் அவசரக்காரனில்ல. கல்லோட ஓட்டம் பாத்துச் சின்ன உளியால எறக்கியிருக்கான்."

நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அறிஞர் புன்னகையோடு, "இனிமே நீங்களே சொல்லுங்க அண்ணே" என்று ஒதுங்கிக்கொண்டார். பத்து நிமிடம் என் தந்தையார் பேசினார். மரத்தில் ஆப்பு, இரும்பில் ஆப்பு, பாறையைத் தட்டினால் வரும் ஓசையிலிருந்து உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று அறிவது என்று பலவும் சொன்னார். வாழ்நாளில் அவர் பேசி ஐம்பது பேர் கேட்டது அன்றுதான்.

பிறகு தீர்த்தங்கரர் சிற்பத்துக்கு வந்தோம். அங்கும் வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. திருப்பிணையன் மலையில் பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லி, பாதிரிக்குடியார் ரக்ஷை என்று அது முடிகிறது. ரக்ஷை என்றால் பாதுகாப்பு. செய்வித்தவர் துறவி, அவர் நாளை வேறு மலைக்குப் போய்விடுவார். காக்க வேண்டிய பொறுப்பை அவர் ஊராரிடமே ஒப்படைத்துவிட்டார். அரசனிடம் கொடுக்கவில்லை, படையிடம் கொடுக்கவில்லை, பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கொடுத்தார்.

இறங்கி வரும்போது தந்தையார் வெகுநேரம் பேசவில்லை. கண்மாய்க் கரைக்கு வந்ததும் நின்று, மலையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாங்க ஒடச்ச மலையில எழுத்து இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது ஆத்தா. இருந்திருந்தாலும் கீறல்னுதான் நெனச்சிருப்போம். இப்படித்தான் இருக்கும்னு ஒருத்தரும் காட்டலியே."

நண்பர்களே, மரபு நடையின் தேவையை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. பாறைக்கு மிக அருகில் இருப்பவர் யார்? ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கல் உடைப்பவர். அந்த எழுத்தை முதலில் காக்கக்கூடியவர் அவரே. முதலில் அழிக்கக்கூடியவரும் அவரே. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், ஒருவர் வந்து காட்டுவதும் காட்டாமல் இருப்பதும்தான்.

சட்டம் இருக்கிறதே?

நினைவுச் சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் உண்டு. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. 2010இல் செய்த திருத்தத்தின்படி, நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நல்ல சட்டங்களே. ஆயினும் நீலப் பலகை தானாக எழுந்து நின்று யாரையும் தடுப்பதில்லை. பலகையில் எழுதியிருப்பதைப் படித்து, மீறுகிறவனைப் பார்த்து, உரிய அலுவலகத்துக்கு எழுதுகிற மக்கள் வேண்டும். கீழவளவில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ள குன்றுக்கு அருகிலேயே மலை அறுக்கப்பட்ட தடங்களை இன்றும் காணலாம். பட்டியலில் ஏறாத சின்னங்களுக்கோ பலகைகூட இல்லை.

அரிட்டாபட்டிக்கு வந்த சோதனை

2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, இராசாளிப் பருந்து முதலிய அரிய பறவைகள் வாழும் குன்றுகள் இவை. மீனாட்சிபுரத்துக் குன்று மாங்குளம் கல்வெட்டுகளுக்குப் பெயர் பெற்றது. 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன கல்வெட்டுகள் அவை. அவற்றில் எழுதியிருப்பது தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நந்தாசிரியன் என்னும் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி அமைத்துக் கொடுத்த பள்ளி என்பது ஒரு கல்வெட்டின் பொருள். சங்கப் பாடல்களில் கேட்ட பெயர் பாறையில் இருக்கிறது!

இத்தகைய நிலத்தை உள்ளடக்கி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கான ஏலத்தில் ஒரு தனியார் நிறுவனம் தேர்வாகியிருப்பதாக 2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. மேலூர் வட்டாரம் கொதித்தெழுந்தது. ஊர்தோறும் கிராம சபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகருக்குள் ஆயிரக்கணக்கானோர் நடந்தே சென்றார்கள். உழவர், வணிகர், பெண்கள், முதியோர் எல்லாரும் சென்றார்கள். ஜனவரி 23 அன்று அந்த ஏலம் இரத்துச் செய்யப்பட்டது.

இந்த வெற்றி ஊர்மக்களின் வெற்றி. இதில் வேறு யாரும் பங்கு கேட்பது முறையன்று. ஆயினும் ஒன்றை நான் கவனித்தேன். போராட்டப் பந்தலில் பேசிய பாட்டிமார்கூடக் கண்மாயையும் குலசாமியையும் சொன்ன அதே மூச்சில் கல்வெட்டையும் குடைவரையையும் சொன்னார்கள். 'எங்க ஊருக்கு ரெண்டாயிரம் வருசத்து எழுத்து இருக்கு' என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகளாக அறிஞரும் ஆர்வலரும் மாணவரும் அந்தக் குன்றுகளில் ஏறி இறங்கிப் பேசிய பேச்சு ஊருக்குள் ஊறியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஞாயிறு காலையில் நூறு பேர் நடந்த நடையும், தை பிறக்குமுன் ஆயிரக்கணக்கானோர் நடந்த நடையும் ஒரே பாதையின் இரு முனைகள்.

வயிற்றுக்கு விடை உண்டா?

இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னபோது நண்பர் ஒருவர் எழுந்து, "மலையைப் பார்த்தால் வயிறு நிறையுமா? குவாரி இருந்தால் வேலையாவது கிடைக்கும்" என்றார். நியாயமான கேள்வி. குவாரிச் சம்பளத்தில் வளர்ந்த நான் அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் எனக்குப் பள்ளிச் சீருடை வாங்கினார்கள். குவாரி மூடிய ஆண்டில் எங்கள் வீட்டில் அடகுக்குப் போன தோடு இன்னும் திரும்பவில்லை.

இந்தக் கேள்வியையும் தந்தையாரிடமே கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "குவாரி எனக்குப் பதினாறு வருசம் சோறு போட்டுச்சு. இல்லேன்னு சொல்லல. அந்த மலையில விழுந்த தண்ணி கண்மாய்க்கு வந்து எங்க பாட்டன் பூட்டனுக்கெல்லாம் சோறு போட்டுச்சே, அதுக்கு என்ன கணக்கு?" என்றார். மொட்டைப் பாறையில் பெய்யும் மழை மண்ணில் இறங்காமல் அடிவாரத்துக்கு ஓடிவருகிறது. அதைத் தேக்கவே மலையடிதோறும் கண்மாய் வெட்டினார்கள் முன்னோர். மலை போனால் கண்மாய்க்கு வரத்து இல்லை; கண்மாய் போனால் வயல் இல்லை. மலையைக் காப்பது வரலாற்றுக்காரரின் பொழுதுபோக்கன்று; வயிற்றுக் கணக்கும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் குவாரி மூடியபின் உளி பிடித்த கைகளுக்கு என்ன வேலை என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதை மறந்துவிட்டு மரபு பேசினால் நம் பேச்சில் பாதிதான் உண்மை இருக்கும்.

நம் ஊரில் நாம்

நம் கல்லூரிக்கு எத்தனை ஊர்களிலிருந்து மாணவர்கள் வருகிறோம்! ஒவ்வோர் ஊரிலும் ஒரு தடம் வகுக்கலாம். நான் கண்ட முறைகளைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பெயர்கள் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று அவர்கள் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கும். கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள், எதையும் இகழவேண்டா.

இரண்டு மணி நேரத்தில், மூன்று அல்லது நான்கு கிலோமீட்டரில் முடியும்படி வழி அமையுங்கள். முதியவரும் குழந்தையும் நடக்க இயலாத தடம் ஊருக்கான தடமன்று. நிழலும் தண்ணீரும் எங்கே என்று முன்னதாகவே நடந்து பாருங்கள்.

ஊராட்சித் தலைவரிடமும், தேவைப்படும் இடத்தில் தொல்லியல் துறையினரிடமும் வனத்துறையினரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கோயில் வழியே போனால் அவ்வூர் வழக்கத்துக்குக் கட்டுப்படுங்கள்.

கல்வெட்டைத் தெளிவாக்குகிறேன் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும், பெயின்ட் அடிப்பதும் கூடவே கூடா. காலைச் சாய்வெயிலில் எழுத்து தானே எழுந்து தெரியும். படி எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

சொல்வதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் வரலாற்று மாணவரின் மதிப்புக் குறையாது. தம் ஊரை உயர்த்துவதற்காக ஆயிரம் ஆண்டைக் கூட்டிச் சொல்வதும் ஒருவகையில் கல்வெட்டைச் சிதைப்பதே.

கடைசியாக ஒன்று. உள்ளூர்க்காரர் ஒருவரேனும் பேசாமல் நடையை முடிக்காதீர்கள். மடை திறக்கும் மடையரையோ, பானை வனைபவரையோ, கல் தச்சரையோ அழைத்து முன்னால் நிறுத்துங்கள். நம் பேராசிரியப் பெருமக்கள் துணை நின்றால், நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

முடிவாக

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு நான் எழுந்திருக்குமுன் என் தந்தையார் எழுந்துவிடுகிறார். பழைய உளி ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்கிறார். வெட்டுவதற்கன்று, கேட்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. சென்ற மாதம் ஒரு குன்றில், பாறை இடுக்கில் ஏதோ கீறல் கண்டு நின்றார். அரை மணி நேரம் பார்த்தார். வெயில் சாயும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். "இது எழுத்தில்ல ஆத்தா, வெறும் வெடிப்புத்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெறும் வெடிப்புத்தான். ஆனாலும் நின்று பார்த்தார் அல்லவா? பாதிரிக்குடியார் ரக்ஷை என்று அச்சணந்தி எழுதி வைத்தது அந்தப் பார்வையை நம்பித்தான். வாருங்கள் நண்பர்களே, நாமும் நடப்போம்.